எழுத்தரும் ஏனையோரும்: பண்டை எகிப்தியச் சமூக வகுப்புக்கள் பற்றிய ஒரு திறனாய்வு

பண்டை எகிப்தியரின் சமூக அமைப்பைக் கூறும் வரலாற்றுப் பாடநூல்கள் பலவற்றில் முக்கோணமொன்று வரையப்பட்டிருத்தலைக் காணலாம். அதன் உச்சியிலே பாரோ மன்னன் வீற்றிருப்பான். அவனுக்குக் கீழே அமைச்சரும் பிரபுக்களும் பூசாரிகளும், அவர்க்குக் கீழே எழுத்தரும் போர்வீரரும், பின்னர் வணிகரும் கைவினைஞரும், அடித்தளத்திலே உழவரும், உழவர்க்கும் கீழாக அடிமைகளும் படிப்படியாக நிறுத்தப்பட்டிருப்பர். பிரமிட்டுக்களை எழுப்பிய நாட்டினர்க்குப் பிரமிட்டு வடிவான சமூகமே பொருத்தமுடைத்தென அப்படத்தை வரைந்தோர் கருதினர் போலும். யானும் இம்முக்கோணத்தைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து கற்பித்து வந்துள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இப்பாடத்தைச் சுவைபடக் கற்பிக்கும் நோக்குடன், எகிப்தியப் பழநூலொன்றின் கருத்தை மாணவர்க்கு எடுத்துரைத்தேன். எழுத்தர் தொழிலொன்றே சிறந்தது, ஏனைய தொழில்கள் யாவும் துன்பம் நிறைந்தவை என்று தந்தை மகனுக்குக் கூறுவதாக அமைந்த நூல் அது. முடிதிருத்துவோன், குயவன், சலவைத் தொழிலாளி, மீன்பிடிப்போன் ஆகியோர் படும் பாட்டை அந்நூல் நகைச்சுவை தோன்றக் கூறும். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒருவன் மட்டும் சிரித்திலன். பாடம் முடிந்தபின் அவன் என்னிடம் வந்து, "அந்தச் சலவைத் தொழிலாளி இதற்கு மறுமொழி ஒன்றும் எழுதவில்லையா?" என்று வினவினான். அவனுக்கு எழுதத் தெரியாதே என்றேன். அவன் மேலும் ஒன்றும் பேசாது சென்றுவிட்டான். அவனுடைய தந்தையார் என்ன தொழில் செய்பவர் என்பது அவன் சென்ற பின்னரே என் நினைவுக்கு வந்தது.

அன்று யான் கூறிய விடை பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. எகிப்தியச் சமூகத்தைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி எழுத்தறிந்தார் எழுதிவைத்தவற்றால் அறியப்படுவது. அந்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே என்பது அறிஞர் சிலரின் மதிப்பீடு. எனவே, தொண்ணூற்றொன்பதின்மரின் உருவத்தை ஒருவர் தீட்டிய ஓவியத்திலே நாம் காண்கின்றோம். தீட்டியவர் யார், யார்பொருட்டுத் தீட்டினார், எதனைத் தீட்டாது விட்டார் என ஆராயாது அவ்வோவியத்தை உண்மையென ஏற்றல் திறனாய்வாகாது. அவ்வாராய்ச்சியைச் சிறிது செய்து பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்கர் எண்ணிய வகுப்புக்கள்

எகிப்தியரை இத்தனை வகுப்பினர் என எண்ணிக் கூறிய பழைய நூலாசிரியர் எகிப்தியரல்லர், கிரேக்கராவர். கி. மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்து பாரசீகரின் ஆட்சிக்குட்பட்டிருந்த காலத்தில், அங்குச் சென்றுவந்த ஹெரொடோற்றஸ் தம் வரலாற்றின் இரண்டாம் நூலில் எகிப்தியர் எழுவகையினர் என்றார். பூசாரிகள், போர்வீரர், மாட்டிடையர், பன்றி மேய்ப்போர், கடைவணிகர், மொழிபெயர்ப்போர், படகோட்டிகள் என்போரே அவ்வெழுவகையினர். பிளேற்றோ தமது 'திமேயஸ்' என்னும் உரையாடலில் பூசாரிகள், கைவினைஞர், இடையர், வேட்டுவர், உழவர், போர்வீரர் என அறுவகையினரைக் கூறினார். கி. மு. முதலாம் நூற்றாண்டினரான டயடோறஸ் ஐவகையினர் என்றார். அவருக்குச் சிறிது பிற்பட்ட ஸ்திராபோ மூவகையினர் என்றதோடு அமைந்தார். ஏழு, ஆறு, ஐந்து, மூன்று என இவ்வாறு எண் வேறுபடுதலை நோக்குமிடத்து, இவர்கள் ஒரே பட்டியலைக் கண்டு கூறினாரல்லர் என்பது தெளிவு.

ஹெரொடோற்றஸின் பட்டியலிலே உழவர்க்கு இடமில்லை. நைல் நதியின் வெள்ளத்தையும் வண்டலையும் நம்பி வாழ்ந்த நாட்டிலே, அவ்வண்டலை உழுதவனைக் காணாது விடுதல் எங்ஙனம்? இதற்குரிய காரணத்தை அப்பட்டியலே உணர்த்துகின்றது. மொழிபெயர்ப்போர், படகோட்டிகள், கடைவணிகர், பூசாரிகள் ஆகிய இவர்கள், பிறநாட்டிலிருந்து வரும் வழிச்செல்வானொருவன் நாள்தோறும் சந்திக்கும் மக்களாவர். உழவனோ வயலில் நிற்பவன். அவனோடு உரையாட வழிச்செல்வானுக்கு மொழியுமில்லை, வாய்ப்புமில்லை. பிளேற்றோவின் நிலை வேறு. தாம் கருதிய நல்லரசிலே ஒவ்வொருவரும் தத்தம் தொழிலையே செய்தல் வேண்டுமென வற்புறுத்திய அவருக்கு, அவ்வாறு வாழும் பழைய நாடொன்று சான்றாக வேண்டியிருந்தது. எகிப்து அவருக்குச் சான்றாயிற்று.

இக்கூற்றுக்கள் முழுவதும் பொய்யென்று தள்ளுதலும் முறையன்று. தீப்சு நகரத்துப் பூசாரிகள், தந்தைக்குப்பின் மகனாகத் தொடர்ந்துவந்த 345 தலைமுறையினரின் மரச்சிலைகளைத் தமக்குக் காட்டினரென ஹெரொடோற்றஸ் கூறுகின்றார். அப்பிற்காலத்தில் பூசாரிப் பதவி குடும்பவுரிமையாக இறுகியிருந்தது. ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட காலத்திலோ கோயிற்றொண்டர் பலர் முறைவைத்துப் பணிபுரிந்தனர். புதிய இராச்சிய காலத்தில் அவர் நான்கு குழுவினராகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவினரும் ஒவ்வொரு மாதம் பணிசெய்து அடுத்த குழுவினர்க்கு இடம்விடுவர். ஒரு மாதம் பூசாரியாயிருந்தவன் அடுத்த மூன்று மாதங்களில் யாராயிருந்தான்? முக்கோணத்தில் அவனை எந்தப் படியில் நிறுத்துவது? மூவாயிரம் ஆண்டு வாழ்ந்த சமூகத்தை அதன் இறுதிக் காலத்துப் பயணியொருவரின் குறிப்பைக்கொண்டு அளத்தலாலேயே இத்தகைய இடர்ப்பாடு எழுகின்றது.

எழுத்தரின் நூல்

இனி எகிப்தியரின் சொந்த நூல்களை நோக்குவாம். யான் வகுப்பிலே கூறிய நூலைத் துவா-கேற்றி என்பான் தன் மகன் பெப்பிக்குக் கூறிய அறிவுரை என்பர். 'தொழில்களின் அங்கதம்' என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அதற்கு இட்ட பெயர். மத்திய இராச்சிய காலத்தில், அஃதாவது இற்றைக்கு ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளின் முன்னர், அது இயற்றப்பட்டதென்பது பெரும்பாலார் கொள்கை. மகனை எழுத்துப் பள்ளியிற் சேர்ப்பதற்காகத் தந்தை அவனைப் படகிலேற்றித் தலைநகர்க்கு அழைத்துச் செல்கின்றான். அப்படகிலே அறிவுரை நிகழ்கின்றது. உலைமுன் நிற்கும் கம்மியனின் விரல்கள் முதலையின் தோல்போல ஆயினவாம். முடிதிருத்துவோன் பொழுது சாய்ந்தும் தெருத்தெருவாய் அலைகின்றானாம். குயவன் உயிருடனிருக்கும்போதே மண்ணுட் புதைந்தவனாம். நெய்வோன் பகலொளியைக் காண்பதற்கு வாயிற்காவலனுக்கு உணவு கொடுத்து இரக்க வேண்டுமாம். சலவை செய்வோனுக்கும் மீன்பிடிப்போனுக்கும் முதலையே அயல்வீட்டான். இவர் எல்லார்க்கும் மேலாள் ஒருவன் உண்டு. எழுத்தனொருவனுக்கே மேலாளில்லை என்பது அந்நூலின் முடிபு.

இந்நூலின் இலக்கியச் சிறப்பை மறுத்தல் இயலாது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஓருறுப்பைத் தேர்ந்தெடுத்து, கையையோ முழந்தாளையோ தோளையோ காட்டி, உழைப்பினால் உடல் எவ்வாறு சிதைகின்றதென்பதைச் சில சொற்களில் உணர்த்தும் ஆற்றல் அதன் ஆசிரியனிடத்துண்டு. தொழிலாளரை அவன் உற்றுநோக்கியிருக்கின்றான் என்பதிலும் ஐயமில்லை. அவன் நோக்கியது உடலை மட்டுமே என்பதுதான் குறை. கம்மியனின் விரலைக் கண்டவன் அவ்விரல் செய்த பொன்னணியைக் கண்டிலன். குயவனின் சேற்றைக் கண்டவன் தான் நீரருந்தும் கலத்தைக் கண்டிலன். உழைப்பின் துன்பத்தைக் கூறும் நூல்கள் இருவகைப்படும். துன்புறுவோனுக்காக வருந்துவது ஒருவகை. அவனாகாது தப்பினோமென மகிழ்வது மற்றொருவகை. துவா-கேற்றியின் நூல் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

இதற்குக் காரணம் உண்டு. இஃது ஒரு பள்ளிநூல். இதன் முழுமையான படியொன்று பிரித்தானிய அரும்பொருட்சாலையில் உள்ள பப்பைரஸ் சுருளொன்றிற் காணப்படுகின்றது. அச்சுருள் நூல் தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்டது. இதன் பகுதிகளை மாணவர் எழுதிப் பழகிய ஓட்டுத்துண்டுகளும் கற்சில்லுகளும் நூற்றுக்கணக்கிற் கிடைத்துள்ளன. பொருள் விளங்காது படியெடுத்த மாணவரின் பிழைகள் அவற்றில் மலிந்து கிடத்தலால், மூலபாடத்தைத் துணிதல் அறிஞர்க்கு இன்றும் அரிதாயுள்ளது. ஆசிரியராகிய நாம் இதைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். ஆயின், ஒன்றை மறத்தலாகாது. இந்நூல் ஆயிரம் ஆண்டளவாக நிலைபெற்றமைக்கு ஆசிரியர்களே காரணர். சோம்பியிருக்கும் மாணவனை ஊக்குதற்கு அவர் கையாண்ட கருவி இது. 20ஆம் அரசமரபின் காலத்தைச் சேர்ந்த இலான்சிங் பப்பைரஸ் என்னும் பள்ளிச்சுவடியும் இதே முறையில் உழவனையும் போர்வீரனையும் இழித்துக் கூறி எழுத்தனை உயர்த்துகின்றது. நாட்டின் சமூக நிலையை விளக்குதற்கு எழுதப்பட்டதன்று இவ்வகை நூல். மாணவனை எழுதுகோல் பிடிக்கச் செய்தற்கு எழுதப்பட்டது. அதனை நாட்டு நிலைக்குச் சான்றாகக் கொண்டு முக்கோணத்திற் படிகளை அமைத்தோர், பள்ளியாசிரியனின் அச்சுறுத்தலை வரலாறாகக் கொண்டனர்.

கைவினைஞரின் மறுமொழி

என் மாணவன் கேட்ட மறுமொழி கிடைக்கின்றதா? சலவைத் தொழிலாளி எழுதிய நூலொன்றும் நம் கைக்கு எட்டவில்லை. ஆனால் கைவினைஞனொருவனின் சொல் எட்டியுள்ளது. பாரிசு நகரத்து இலூவர் அரும்பொருட்சாலையிலே இர்ட்டிசன் என்பவனின் நடுகல்லொன்று இருக்கின்றது. 11ஆம் அரசமரபைச் சேர்ந்த மென்துஹோத்தெப் மன்னன் காலத்தவன் அவன். சிற்பியாகிய அவன் தன் கலையின் நுட்பங்களையும், உருவங்களின் நிலையையும் நடையையும் அமைக்கும் திறத்தையும் தான் அறிந்தவனெனப் பெருமிதத்தோடு அக்கல்லிற் பொறித்துள்ளான். தானும் தன் மூத்த மகனுமன்றிப் பிறர் அறியாத தொழில்மறைகளும் உளவென்கின்றான். கைத்தொழிலை இழிவென்று கருதியவன் இவ்வாறு கூறான். இர்ட்டிசன் எழுத்தறிந்தவன், எழுத்தன் என்னும் பட்டமும் உடையவன். எழுத்தும் கைத்தொழிலும் ஒருவனிடத்தே கூடியிருத்தல் முக்கோணத்திற்கு ஒவ்வாத செய்தியாகும்.

இதனினும் விரிவான மறுமொழி தீப்சு நகரத்துக்கு மேற்கேயுள்ள டேர் எல்-மெதினா என்னும் ஊரிலிருந்து வருகின்றது. அரசர் பள்ளத்தாக்கிலே மன்னர்க்குக் கல்லறை குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர் தம் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. பிரெஞ்சு அறிஞர் பேணாட் புறுயேர் 1922ஆம் ஆண்டு முதலாக அங்கு நெடுங்காலம் அகழாய்வு நடத்தினார். அவ்வூரிற் கிடைத்த ஏட்டுத்துண்டுகளும் கற்சில்லுகளும் கடன், வழக்கு, கூலி, மருந்து, காதற்பாட்டு என வாழ்க்கையின் எல்லாத் துறைகளையும் தழுவியவை. தொழிலாளி ஒருவனுக்கு மாதக் கூலியாக ஐந்தரை மூடை தானியமும், மேற்பார்வையாளனுக்கு ஏழரை மூடையும் அளிக்கப்பட்டன. படிகள் இருந்தன, ஆனால் நம் படம் காட்டுமளவு தூரமுடைய படிகளல்ல.

மூன்றாம் றாமசேஸ் மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி. மு. 1157இல், இத்தொழிலாளர்க்குத் தானியம் வந்துசேரத் தாமதமாயிற்று. மாதத்திற் பதினெட்டு நாட்கள் கழிந்தும் கூலி வரவில்லை, பசித்திருக்கின்றோம் என்று கூறி அவர்கள் வேலையை நிறுத்திக் காவற்சுவர்களைக் கடந்து சென்று கோயிலொன்றின் பின்புறத்தில் அமர்ந்தனர். தம் குறையை மன்னனுக்கும் அமைச்சனுக்கும் எழுதி அறிவிக்குமாறு அவர்கள் வேண்டினர். பின்னர்த் தானியம் வந்தது, மீண்டும் தாமதமாயிற்று, மீண்டும் அவர்கள் வெளியேறினர். இவற்றையெல்லாம் குறித்துவைத்த சுவடி இத்தாலியின் தூரின் நகரத்தில் உள்ளது. வரலாற்றிற் பதிவுபெற்ற வேலைநிறுத்தங்களுள் மிகப் பழையதென இது கருதப்படுகின்றது. துவா-கேற்றியின் நூலில் உழைப்பாளன் துன்புறுகின்றான், வாய்திறப்பதில்லை. இங்கு அவன் வாய்திறக்கின்றான்.

ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வூர்க் கைவினைஞர் மன்னனின் நேர்ப்பணியாளர். நாட்டின் ஏனைத் தொழிலாளரினும் வசதி படைத்தவர். அவர்க்கு நீர் சுமப்போரும், மீன் கொணர்வோரும், விறகு வெட்டுவோரும், ஆடை வெளுப்போரும் வெளியிலிருந்து அமர்த்தப்பட்டிருந்தனர். கைவினைஞரின் குரலை நாம் கேட்கின்றோம். அவர்தம் ஆடையை வெளுத்தவனின் குரலை அங்கும் கேட்கின்றோமல்லோம். அவன் கணக்கிலே பெயராகவே நிற்கின்றான்.

சொல்வன்மையுள்ள குடியானவன்

எகிப்திய இலக்கியத்தில் எளியவனொருவன் நெடிது பேசும் நூல் ஒன்றுண்டு. 'சொல்வன்மையுள்ள குடியானவன்' எனப்படும் அக்கதையும் மத்திய இராச்சிய காலத்துக்குரியதே. குன்-அனுப் என்பவன் பாலைநிலத்து உப்புநிலப் பகுதியிலிருந்து தன் கழுதைகளிற் பண்டங்களை ஏற்றிக்கொண்டு நைற்பள்ளத்தாக்குக்கு வருகின்றான். வழியிலே நெம்தி-நக்த் என்பவன் ஒடுங்கிய பாதையின்மீது துணியை விரித்துவைத்து வழிமறிக்கின்றான். ஒருபுறம் நீர், மறுபுறம் வாற்கோதுமைப் பயிர். கழுதையொன்று ஒரு வாய் பயிரைக் கடித்ததும், அதனையே குற்றமாகக் கொண்டு அவன் கழுதைகளைப் பறித்துக் குன்-அனுப்பை அடிக்கின்றான். குன்-அனுப் உயர் அதிகாரியான ரென்சியிடம் முறையிடுகின்றான். அவன் பேச்சின் அழகைக் கேட்ட ரென்சி மன்னனுக்கு அறிவிக்கின்றான். மன்னனோ விடையளியாது மௌனமாயிருக்கும்படியும், அவன் மேலும் மேலும் பேசுமாறு செய்து அப்பேச்சுக்களை எழுதிக்கொள்ளும்படியும் கட்டளையிடுகின்றான். அவன் மனைவி மக்களுக்கும் அவனுக்கும் அவன் அறியாமலே உணவு வழங்கப்படுகின்றது. ஒன்பது முறை அவன் முறையிடுகின்றான். இடையில் ஒருமுறை அடியும் படுகின்றான். இறுதியிலே அவன் பேச்சுக்கள் எழுதப்பட்ட சுருள் அவன் முன்னிலையில் வாசிக்கப்படுகின்றது. நெம்தி-நக்தின் உடைமைகள் அவனுக்கு வழங்கப்படுகின்றன.

ஏழைக்கும் நீதி உண்டென்பதைக் காட்டும் கதையென இதனைப் பலர் புகழ்வர். அப்புகழ்ச்சியில் உண்மையுண்டு. அதிகாரி நீதியின் தராசு. தராசு சாய்ந்தால் நாடு சாயும் என்னும் கருத்தைக் குன்-அனுப் பலவாறு விரித்துரைக்கும் பகுதிகள் எந்நாட்டு அரசியலறத்துக்கும் ஒப்பவுள்ளன. ஆனால் கதையின் அமைப்பை உற்று நோக்குமிடத்து மனத்தை உறுத்தும் ஒன்று புலப்படும். குற்றம் தெளிவு, சாட்சியும் உண்டு, முதல்நாளிலேயே தீர்ப்பளித்திருக்கலாம். தீர்ப்பு ஏன் நீட்டப்பட்டது? அவன் அழகாகப் பேசினமையால். எளியவனின் துன்பம் அரண்மனைக்கு இலக்கியவின்பமாகின்றது. அவன் சோர்ந்து, மனமுடைந்து, இறப்பையும் வேண்டும் நிலைக்கு வந்தபோதும் எழுத்தனின் கோல் ஓயவில்லை. பேச வல்லானாதலின் குன்-அனுப்புக்குக் காலந்தாழ்த்தேனும் நீதி கிட்டியது. பேச்சு வராத குடியானவனுக்கு என்ன கிட்டியிருக்கும் என்னும் வினாவைக் கதை எழுப்பவில்லை. படிப்போர் எழுப்புதல் வேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 'குடியானவன்' என்று நாம் மொழிபெயர்க்கும் இவன் உழுதொழிலனாக அன்றிப் பண்டமாற்று வணிகனாகவே கதையில் இயங்குகின்றான். கதைமுடிவிலே அவனுக்குக் கிடைக்கும் உடைமைகளுள் தானியமும் கழுதையும் பன்றியுமன்றி மனிதர் அறுவரும் எண்ணப்படுகின்றனர். அநீதியால் வருந்தியவன் பிறரை உடைமையாகக் கொண்டவனாகின்றான். நூலாசிரியனுக்கு அதில் வியப்பொன்றுமில்லை. தனியொரு கொடியவனைக் கண்டித்த அவன் படிகளின் அமைப்பைக் கண்டித்தானல்லன்.

இப்புவர் என்பானின் புலம்பலோ படிகள் தலைகீழாதலை நேராகவே அஞ்சுகின்றது. ஒல்லாந்தின் இலெய்டன் நகரத்திலுள்ள சுவடியொன்றில் எஞ்சியுள்ள அந்நூலை அலன் காடினர் 1909இல் ஆராய்ந்து வெளியிட்டார். உடையில்லாதவன் மெல்லாடை உடுத்தலும், செல்வர் மகளிர் மாவரைத்தலும் உலகமழிவின் அறிகுறிகளென அது அரற்றுகின்றது. உண்மையில் நிகழ்ந்த குழப்பத்தைக் கூறுவதாக அதனை முன்னர்க் கொண்டனர். இன்று அறிஞர் பலர் அதனை இலக்கிய மரபாகவே நோக்குவர். எவ்வாறாயினும், அடிமைப்பெண் மாவரைத்த காலத்தில் அத்தகைய புலம்பலொன்றும் எழவில்லை என்பது நோக்கத்தக்கது.

கணக்கேடுகள் காட்டுவன

இலக்கியத்தை விடுத்து, பிறர் படிப்பரென்று எண்ணாது எழுதப்பட்ட ஏடுகளைப் பார்ப்பின் சித்திரம் மாறுகின்றது. 12ஆம் அரசமரபின் தொடக்ககாலத்தவனான ஹெக்கநக்த் என்பவனின் கடிதங்களை ஹேர்பேட் விண்லொக் என்னும் அமெரிக்க அறிஞர் 1921-22ஆம் ஆண்டுக் காலத்தில் டேர் எல்-பஹ்ரிக்கு அண்மையிற் கண்டெடுத்தார். ஹெக்கநக்த் அமைச்சனொருவனின் கல்லறைப் பூசாரி. ஆனால் கடிதங்களிலே அவன் பேசுவது பூசையைப் பற்றியன்று. நிலக்குத்தகை, விதைநெல் போன்ற விதைத்தானியம், பிறர்க்குக் கொடுத்த தானியக்கடன், வீட்டாருக்கு அளக்கவேண்டிய படி ஆகியவற்றைப் பற்றியே. வெள்ளம் குறைந்த ஆண்டிலே படியைக் குறைக்க நேர்ந்தமைக்குக் காரணங்காட்டி, நாட்டின் பிறவிடங்களில் மக்கள் படும் பசியை மிகைப்படுத்தியும் எழுதுகின்றான். அவன் பூசாரியா, உழவனா, குத்தகையாளனா, கடன் கொடுப்போனா? நான்கும் அவனே.

ஐந்தாம் றாமசேஸின் நான்காம் ஆட்சியாண்டிற்குரிய வில்பர் பப்பைரஸ் பத்து மீற்றர் நீளமுள்ள நில அளவைக் கணக்கு. மத்திய எகிப்தின் நிலத்துண்டுகளைப் பற்றியிருந்தோருள் பூசாரிகள், எழுத்தர், போர்வீரர், இலாயத் தலைவர், இடையர், பெண்கள், பிறநாட்டுக் கூலிப்படையினர் முதலியோர் அடுத்தடுத்து எண்ணப்பட்டுள்ளனர். ஒரே வயல்வெளியிலே பல படியினரும் அயலவராயிருந்தனர். டேர் எல்-மெதினாவைச் சேர்ந்த நௌநக்தே என்னும் பெண்மணி, முதுமையில் தன்னைப் பேணாத மக்களை நீக்கி, ஏனையோர்க்கே தன் பொருள் சேருமென எழுதுவித்த மரணசாசனமும் கிடைத்துள்ளது. முக்கோணத்திலே பெண்ணுக்குத் தனியிடம் இல்லை. வாழ்க்கையில் அவளுக்குச் சொத்தும் உரிமையும் இருந்தன.

இவற்றால் எகிப்திலே உயர்வு தாழ்வு இல்லையென யாம் கூறவில்லை. சக்காராவிலுள்ள மெரெருக்கா என்னும் அமைச்சனின் கல்லறைச் சுவரிலே, வரி குறைந்த ஊர்த்தலைவர் இழுத்துவரப்பட்டு அடிபடுதலும், எழுத்தர் அமர்ந்து எழுதிக்கொண்டிருத்தலும் செதுக்கப்பட்டுள்ளன. புறுக்ளின் அரும்பொருட்சாலையிலுள்ள ஒரு சுவடி, கட்டாய வேலைக்கஞ்சி ஓடியவர்களின் பட்டியலை ஒருபுறத்திலும், ஒரு வீட்டின் 95 பணியாட்களின் பெயர்களை மறுபுறத்திலும் கொண்டுள்ளது. அப்பணியாட்களுட் பலர் ஆசியநாட்டவர். கீசாப் பிரமிட்டின் அயலில் 1990 முதலாகக் கண்டெடுக்கப்பட்ட தொழிலாளர் கல்லறைகளும், செங்கடற் கரையிலே 2013இல் வெளிப்பட்ட மெரெர் என்னும் கண்காணியின் நாட்குறிப்பும், பிரமிட்டுக்களை விலங்கிட்ட அடிமைகள் கட்டினர் என்னும் பழைய எண்ணத்தை ஒதுக்கிவிட்டன. ஆயினும், அரசன் அழைத்தபோது செல்லாதிருக்கும் உரிமை உழவனுக்கு இருந்ததென அவை கூறவில்லை.

சொல்லும் பொருளும்

'அடிமை' என்னும் சொல்லே இங்கு ஆராய்தற்குரியது. எகிப்திய மொழியில் அடிமையைக் குறிக்க வழங்கிய சொற்களுள் 'ஹெம்' என்பது ஒன்று. கோயிலில் உயர்நிலைப் பூசாரியைக் குறிக்கும் 'ஹெம்-நெற்சர்' என்னும் தொடரிலும் அச்சொல்லே உள்ளது. கடவுளின் தொண்டன் என்பது அதன் பொருள். முக்கோணத்தின் மேற்படியில் நிற்பவனும் அடிப்படியில் நிற்பவனும் ஒரு சொல்லால் வழங்கப்பட்டனர். தமிழராகிய நமக்கு இது புதிதன்று. இறைவன்பால் அன்பு பூண்டாரை அடியார் என்கின்றோம். விலைக்கு வாங்கப்பட்டவனை அடிமை என்கின்றோம். இரண்டிற்கும் பகுதி 'அடி' என்பதே. யாருக்கு அடி என்பதை நோக்கியே பொருள் வேறுபடும். எகிப்தியர் வகுப்புக்களை அறியப் புகுவோர், ஒருவன் எப்படியில் நின்றான் என்று கேட்பதோடமையாது, யாருடைய ஆள், யாரிடம் தானியம் பெற்றான், யாருக்குத் தானியம் அளந்தான் எனவும் கேட்டல் வேண்டும். எகிப்தியரின் ஏடுகள் பெரும்பாலும் இவ்வினாக்களுக்கே விடை தருகின்றன.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் போந்த முடிபு வருமாறு: பாடநூல் முக்கோணம் எகிப்தியச் சமூகத்தின் படமன்று, எழுத்துப்பள்ளியிலிருந்து பார்த்தபோது தோன்றிய காட்சி. அங்கிருந்து பார்ப்போனுக்கு எழுத்தன் உயர்ந்தும் ஏனையோர் தாழ்ந்தும் தோன்றுதல் இயல்பே. இர்ட்டிசனின் கல்லிலிருந்தும், வேலை நிறுத்தினோர் அமர்ந்த கோயிற்புறத்திலிருந்தும், ஹெக்கநக்தின் வயலிலிருந்தும் பார்ப்பின் வேறு வேறு காட்சிகள் தோன்றுகின்றன. இவற்றை ஒருங்குவைத்து நோக்குதலே வரலாற்று மாணவர் கடன்.

துவா-கேற்றிக்கும் ஒருசிறிது நீதி செய்தல் வேண்டும். அவன் பட்டமொன்றுமில்லாத எளிய மனிதன். அதிகாரிகளின் பிள்ளைகளோடு தன் மகனும் அமர்ந்து கற்கவேண்டுமென விரும்பியவன். அவ்விருப்பம் தவறன்று, எந்நாட்டுத் தந்தைக்கும் உரியது. மகனை உயர்த்துதற்கு ஏனையோரை இகழ்தல் இன்றியமையாததென அவன் எண்ணியதே தவறு. அத்தவறு எகிப்தோடு ஒழிந்ததா? படியாவிட்டால் மாடு மேய்க்கத்தான் போகவேண்டும் என்று நம் வகுப்பறைகளிற் கூறாத ஆசிரியர் எத்தனை பேர்? யானும் கூறியிருக்கின்றேன். மாடு மேய்ப்பவரின் மகன் முன்வரிசையில் இருக்கின்றானா என்று பார்த்துக் கூறியதில்லை.

அம்மாணவன் இப்பொழுது எம் கல்லூரியில் இல்லை. உயர்தர வகுப்பை முடித்துச் சென்றுவிட்டான். அவன் வினாவுக்கு இன்று விடை கூறுவதாயின், சலவைத் தொழிலாளியின் மறுமொழி எழுதப்படவில்லை. ஆனால் கற்சிற்பியினதும் கல்லறை குடைந்தோரினதும் மறுமொழிகள் எழுதப்பட்டுள்ளன, அவற்றை அன்று உனக்குக் காட்டாமல் விட்டது என் குறை என்பேன். முக்கோணத்தை யான் இப்பொழுதும் வரைகின்றேன், தேர்வில் அது கேட்கப்படுமாதலின். வரைந்த பின்னர், இதனை எங்கிருந்து பார்த்து வரைந்தார்கள் என்று மாணவரைக் கேட்கின்றேன். துவா-கேற்றியின் நூலையும் கற்பிக்கின்றேன். அதனையடுத்து, அதே பாடவேளையில், மாதம் பதினெட்டு நாள் கழிந்தும் கூலி வராத தொழிலாளரின் கதையையும் கூறுகின்றேன்.